பிழையா, பழுதா? வினோதமான பழைய காசைச் சோதிக்கும் முறை

எங்கள் ஆயா காலமான பிறகு, தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் வீட்டுப் பூசையறையில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே மஞ்சள் துணியில் முடிந்த காசுகள். எந்த முடிச்சு யாருடைய காய்ச்சலுக்கு, எது எந்தக் காவடிக்கு என்ற கணக்கெல்லாம் ஆயாவோடு போய்விட்டது. அவற்றில் ஒரு பென்னி மட்டும் மற்றவற்றைவிட மெலிந்திருந்தது. ஐந்தாம் ஜார்ஜின் தாடி வழுவழுவென்று இருந்தது. மறுபக்கத்துக் கப்பலின் பாய்கள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிந்தன. எடை போட்டேன்: 8.5 கிராம். இருக்க வேண்டியது 9.4 கிராமுக்குச் சற்று மேல். மெல்லிய தகட்டில் அடிக்கப்பட்ட பிழைக்காசு என்று முடிவுகட்டி இரண்டு நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன். மூன்றாம் நாள் பெரியம்மா வந்தார். காசைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “உன் ஆயா இதை வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார். நீ பார்த்ததே இல்லையா?” என்றார்.

நாணயச்சாலைக்குள் நேர்ந்தால் பிழை. வெளியே நேர்ந்தால் பழுது. பிழைக்குச் சேகரிப்பவர்கள் காசு கொடுப்பார்கள். பழுதுக்கு யாரும் கொடுக்கமாட்டார்கள். வினோதமான காசு எது கிடைத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கோணல் நாணயச்சாலையில் எந்தக் கட்டத்தில் உண்டாகியிருக்க முடியும்? அதற்கு உங்களால் பதில் சொல்ல முடியவில்லை என்றால், பெரும்பாலும் அது பழுதுதான்.

காசு பிறக்கும் விதம்

சோமாசி செய்யும்போது மாவைத் தேய்த்து, டப்பா மூடியால் வட்டம் வட்டமாக வெட்டுவோம் அல்லவா? நாணயச்சாலையிலும் முதல் வேலை அதுதான். நீண்ட உலோகத் தகட்டிலிருந்து வட்டமான வில்லைகள் வெட்டப்படுகின்றன. பிறகு வில்லையின் ஓரத்தை உருட்டி அழுத்தி விளிம்பை எழுப்புகிறார்கள். கடைசியாக, மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, சுற்றிலும் இறுகப் பிடிக்கும் எஃகு வளையம். நடுவில் வில்லையை வைத்து ஓர் அழுத்து. தலை, பூ, ஓரத்துக் கோடுகள் எல்லாம் அந்த ஒரே கணத்தில் விழுகின்றன.

ஆகவே பிழை பிறக்கக்கூடிய இடங்கள் மூன்று: வில்லை, அச்சு, அடி. இதோடு இன்னொன்றையும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக விழும். கொழுக்கட்டை அச்சில் குழிவாக இருக்கும் பூ, கொழுக்கட்டையில் எழும்பி நிற்பதைப் போல. அச்சு வெடித்திருந்தால் அந்த வெடிப்புக்குள் உலோகம் புகுந்து, காசின்மேல் மேடான ஒரு கோடாக நிற்கும். காசில் கோடு பள்ளமாக ஓடினால், அது யாரோ எதனாலோ கீறியது. புதியவர்கள் கொண்டுவரும் காசுகளில் பாதியை இந்த ஒரு சோதனையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

முதலில்: கழுவாதீர்கள்

புளி, எலுமிச்சை, பற்பசை, விபூதி எதுவும் வேண்டாம். நம் வீடுகளில் பித்தளையும் செம்பும் பளபளவென்று இருந்தால்தான் மரியாதை. காசுக்கு அது எமன். பழைய வெண்கலத்தின் மேலிருக்கும் பழுப்புப் படலம்தான் அதன் சாட்சிப் பத்திரம். கீறலோ வெட்டோ அந்தப் படலத்துக்கு அடியில் இருக்கிறதா, அதைக் கிழித்துக்கொண்டு பிற்பாடு வந்ததா என்பதைப் படலம் இருந்தால்தான் சொல்ல முடியும். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவிட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். காசை எப்போதும் ஓரத்தில் பிடியுங்கள். விரல் ரேகைகூடச் செம்பில் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

சரியான காசு எப்படி இருக்கும்?

பிழையைத் தேடுவதற்கு முன் சரியானதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதே ஆண்டு, அதே மதிப்புள்ள சாதாரணக் காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் எதையும் தொடங்காதீர்கள். தென்னாப்பிரிக்கக் காசுகளில் ஆளைக் குழப்புவதற்கென்றே சில சங்கதிகள் இருக்கின்றன.

1965 முதல் 1969 வரை ஒரே காசை இரண்டு விதமாக அடித்தார்கள்: ஒன்றில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் மட்டும், மற்றொன்றில் ஆப்பிரிக்கான்ஸில் மட்டும். ஒரு மொழி விடுபட்டுவிட்டது என்று பலர் துள்ளுகிறார்கள். விடுபடவில்லை, திட்டமே அதுதான். 1968, 1976, 1979, 1982 ஆகிய ஆண்டுக் காசுகளில் வழக்கமான முன்பக்கத்துக்குப் பதிலாக வேறொருவர் முகம் இருக்கும். ஸ்வார்ட், ஃபூஷே, டீடரிக்ஸ், ஃபோர்ஸ்டர் என்று பதவியிலிருந்து போன அதிபர்களுக்காக அடித்தவை அவை. 1961-இல் ராண்ட் வந்த புதிதில் வந்த ஒரு சென்ட், பழைய பென்னி அளவுக்குப் பெரியது, மஞ்சள் நிறப் பித்தளை. உலோகம் மாறிவிட்டது என்று அதையும் கொண்டுவருவார்கள். 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு நாட்டின் பெயர் பல அதிகாரபூர்வ மொழிகளில் மாறி மாறி வருகிறது. ஜூலுவில் ஒரு முறை, கோசாவில் ஒரு முறை, வெண்டாவில் ஒரு முறை. எழுத்துப் பிழை அல்ல. (தமிழில் வரவில்லையே என்று கேட்காதீர்கள். போற்றப்பட வேண்டிய மொழிகளின் வரிசையில் நம் மொழியின் பெயர் 1996 அரசமைப்புச் சட்டத்தில் இருக்கிறது, காசில் இல்லை.)

இந்த வரிசையில் எல்லாவற்றுக்கும் அண்ணன் 1892-ஆம் ஆண்டு க்ரூகர் காசு. டிரான்ஸ்வால் குடியரசின் புதிய காசுகளுக்கான அச்சு பெர்லினில் செய்யப்பட்டது. செதுக்கியவர் ஓட்டோ ஷுல்ட்ஸ். நாட்டுச் சின்னத்தில், டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களின் மாட்டுவண்டி இருக்க வேண்டும். அதற்கு ஒற்றை ஏர்க்கால் மரம். இரண்டு பக்கமும் மாடுகள். ஆனால் ஜெர்மன் செதுக்குநர் தமக்குப் பழகிய குதிரை வண்டியை மனத்தில் வைத்து இரட்டை மரம் போட்டுவிட்டார். அதோடு அதிபர் க்ரூகரின் தோளுக்குக் கீழே தம் பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் பொறித்தார்; அவற்றைச் சேர்த்துப் படித்தால் டச்சு மொழியில் ‘எருது’ என்று பொருள்! அதிபரின் படத்துக்குக் கீழே எருது என்று எழுதியிருந்தால் ஊர் சும்மா இருக்குமா? பின்னால் வந்த காசுகளில் இரண்டையும் திருத்தினார்கள். இரட்டை மரக் காசை இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஆனாலும் இது நாணயச்சாலைப் பிழை அல்ல, வடிவமைப்புப் பிழை. இயந்திரம் சொன்னதைச் சரியாகத்தான் செய்தது, சொன்னவர்தான் தவறினார். அந்த அச்சில் அடித்த ஒவ்வொரு காசிலும் அது இருக்கும்.

தராசும் காந்தமும்

வேண்டிய கருவிகள் நான்கு: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், கிராமில் நூறில் ஒரு பங்குவரை காட்டும் சிறு தராசு, வெர்னியர் அளவுகோல், ஒரு காந்தம். சமையலறைத் தராசு உதவாது. நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பதைப் போன்ற சட்டைப்பை அளவுத் தராசு போதும்.

சில எடைகள் கைவசம் இருக்கட்டும். 1960களின் நடுவிலிருந்து 1980களின் இறுதிவரை வந்த வெண்கல ஒரு சென்ட் 3 கிராம், குறுக்களவு 19 மில்லிமீட்டர். இரண்டு சென்ட் 4 கிராம், 22.45 மில்லிமீட்டர். அதே காலத்து நிக்கல் ஐந்து சென்ட் 2.5 கிராம், பத்து சென்ட் 4, இருபது சென்ட் 6, ஐம்பது சென்ட் 9.5. 1961-இல் குடியரசாகும் முன் இருந்த யூனியன் காலத்து வெள்ளி டிக்கி, அதாவது மூன்று பென்னிக் காசு, 1.41 கிராம். தேய்மானத்தால் சற்றுக் குறையலாம், கூடுவது அபூர்வம்.

காந்தத்தில் ஒரு பொறி இருக்கிறது. நிக்கலும் காந்தத்தில் ஒட்டும். ஆகவே 1970-ஆம் ஆண்டு இருபது சென்ட் ஒட்டினால் அது இரும்பில் அடித்த பிழை என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒட்டத்தான் வேண்டும். அதே ஆண்டு வெண்கல ஒரு சென்ட் ஒட்டினால்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும். 1990களில் வந்த ஒரு சென்ட், இரண்டு சென்ட் எல்லாம் செம்பு பூசிய இரும்பு, அவையும் ஒட்டும்.

கடிபட்ட காசு

புதியவர்கள் கையில் கிடைக்கக்கூடிய உண்மையான பிழை இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சோமாசிக்கு மாவு வெட்டும்போது, முன்பு வெட்டிய ஓட்டையின்மேல் மூடி லேசாக ஏறிவிட்டால் வட்டத்தில் பிறைவடிவக் குறை விழும். வில்லையும் அப்படித்தான். அந்தக் குறையோடு அச்சுக்கு அடியில் போனால் ஓரத்தில் கடித்த பிஸ்கட்டைப் போன்ற காசு கிடைக்கும்.

என்னிடம் அப்படி ஒரு சென்ட் இருக்கிறது, இரண்டு குருவிகள் போட்டது. எடை 2.74 கிராம். லென்ஸ் வழியாகப் பார்த்தால், கடிபட்ட இடத்தை நெருங்கும் எழுத்துகள் கத்தியால் நறுக்கியதைப் போல நிற்காமல், மெல்ல மெலிந்து, கடிபட்ட பக்கம் இழுபட்டுக் கரைகின்றன. அழுத்தத்தில் உலோகம் வெற்றிடத்தை நோக்கி ஓடியதன் தடம் அது. இப்போது காசின் நேர் எதிர்ப்பக்கத்துக்குப் போங்கள். கடிபட்ட இடத்துக்குச் சரியாக எதிரே விளிம்பு மங்கி, கிட்டத்தட்ட இல்லாமல் இருக்கும். விளிம்பு எழுப்பும் இயந்திரம் வில்லையை இரு பக்கமும் அழுத்தித்தான் உருட்டுகிறது. ஒரு பக்கம் குறை இருந்தால் எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் கிடைக்காது. அரம் வைத்து அரைத்தவருக்கு இந்த எதிர்ப்பக்கம் நினைவுக்கே வராது. அவர் காசில் விளிம்பு முழுதாக இருக்கும், எழுத்துகள் வெடுக்கென்று முடியும், வெட்டுவாயில் இணைகோடுகளாக அரத்தின் பல் தெரியும். எதிர் விளிம்பு மங்காத உண்மையான கடிகளும் சில உண்டு. ஆனால் மங்கியிருந்தால் நம்பிக்கை பலமடங்கு கூடும்.

இடம் தவறிய அடியும் மாறிப்போன வில்லையும்

வில்லை வளையத்துக்குள் சரியாக உட்காராமல் அடிபட்டால், உருவம் ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபக்கம் வெறும் பிறையாக நிற்கும். காசு வட்டமாக இருக்காது, எடை மட்டும் முழுதாக இருக்கும். இரண்டு முகங்களையும் ஒப்பிடுங்கள். தலைப்பக்கம் எந்த இடத்தில் வெறுமையோ, திருப்பினால் பூப்பக்கத்திலும் அதே இடம் வெறுமையாக இருக்க வேண்டும். ஒரு முகம் மட்டும் ஒதுங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

மாறிப்போன வில்லைக்குத் தராசுதான் நீதிபதி. இரண்டு சென்டின் உருவம் ஒரு சென்ட் வில்லையில் விழுந்திருந்தால், எடை 3 கிராம் இருக்கும். ஓரத்து எழுத்துகள் வில்லைக்கு வெளியே விழுந்து மறைந்திருக்கும். யாராவது இரண்டு சென்ட் காசையே 19 மில்லிமீட்டருக்கு அரைத்துக் கொண்டுவந்தால்? பரப்பளவுக் கணக்குப்படி அது 2.9 கிராமைத் தாண்டாது. தடித்த விளிம்பும் போய்விட்டதால் இன்னும் குறையும். வித்தியாசம் கால் கிராம்கூட இல்லை. நூறில் ஒரு பங்கு காட்டும் தராசு வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

இரட்டை எழுத்து

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். எழுத்துகளோ ஆண்டின் எண்களோ இரண்டிரண்டாகத் தெரியும். அச்சைத் தயாரிக்கும்போது தாய் அச்சால் அதை ஒரு முறைக்குமேல் அழுத்துவது பழைய முறை. இரண்டாவது முறை இம்மி நகர்ந்தால், அச்சிலேயே உருவம் இரட்டித்துவிடும். அந்த அச்சில் பிறந்த அத்தனை காசுகளிலும் அதே இடத்தில் அதே இரட்டை இருக்கும். லென்ஸில் இரண்டு எழுத்தும் சம உயரத்தில், உருண்டையாக நிற்கும், முனைகள் பிளவுபட்டிருக்கும்.

மற்றொன்று, அடிக்கும் கணத்தில் அச்சு தளர்ந்து ஆடுவதால் வருவது. அங்கே இரண்டாவது எழுத்து தனியாக இருக்காது. எழுத்தின் பக்கவாட்டைச் சீவியதைப் போல ஒரு தட்டையான படிக்கட்டு தெரியும். எழுத்து தடித்திருப்பதற்குப் பதிலாக மெலிந்திருக்கும். நாணயச்சாலைக்குள் நேர்ந்ததுதான். ஆனால் எங்கும் கிடைக்கும், மதிப்பும் கிடையாது.

எழுத்தே காணாமல் போவதும் உண்டு. அச்சின் குழியில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துக்கொண்டால் அந்த எழுத்து விழாது. விழாத இடம் சுற்றுத் தளத்தோடு ஒன்றி வழுவழுப்பாக இருக்கும். சுரண்டி எடுத்திருந்தால் லென்ஸில் கீறல் தெரியும்.

பட்டறையில் பிறந்த பிழைகள்

பல வருடங்களுக்கு முன் ஒரு சந்தையில் 150 ராண்ட் கொடுத்து ஒரு காசு வாங்கினேன். ஒரு பக்கம் சாதாரணப் பூ. மறுபக்கத்தில் அதே பூ, கண்ணாடியில் பார்ப்பதைப் போல இடவலம் மாறிப் பள்ளமாக இருந்தது. முந்திய காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லையின்மேல் தன் உருவத்தைப் பதிக்கும் பிழை அது, உண்மையாகவே நடக்கக்கூடியதுதான். ஆனால் நான் வாங்கியது இரண்டு காசுகளைப் பட்டறைப் பிடியில் வைத்து நெருக்கியது. பள்ள உருவத்துக்கு அடியில் அழிந்துபோன தலையின் மூக்கும் நெற்றியும் மங்கலாகத் தெரிந்தன. பூப்பக்கத்தில் உயரமான இடங்களெல்லாம் நசுங்கித் தட்டையாகியிருந்தன. உண்மைப் பிழையில் பள்ள உருவத்துக்கு அடியில் வேறொன்றும் இருக்காது; எதிர்ப்பக்கம் கூர்மையாக நிற்கும். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. லென்ஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போங்கள்.

இரண்டு பக்கமும் தலை உள்ள காசு, ‘பூவா தலையா’ ஆட்டத்தில் ஏமாற்றச் செய்தது. ஒரு காசைக் குடைந்து, மற்றொன்றை அரைத்து உள்ளே பொருத்துவார்கள். விளிம்பின் உட்பக்கத்தில் மயிரிழை போல ஒரு வட்டக்கோடு ஓடும். விரல் நுனியில் நிறுத்தி மற்றொரு காசால் தட்டினால் கணீரென்று ஒலிக்காது, மொத்தென்று கேட்கும்.

தங்க நிற டிக்கிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். 1898-இல் தொழிலதிபர் சாமி மார்க்ஸ் பிரிட்டோரியா நாணயச்சாலையில் தமக்கென்று 215 டிக்கிகளைத் தங்கத்தில் அடித்துக்கொண்டார். அதுவும் பிழை அல்ல, சலுகை. அந்தக் கதையைக் கேட்டுவிட்டு வெள்ளி டிக்கிக்குத் தங்க முலாம் பூசியவர்கள் எத்தனையோ பேர். தங்கம் வெள்ளியைவிட மிகவும் கனம். அதே அளவுக் காசு தங்கமாக இருந்தால் இரண்டு கிராமைத் தாண்டும். தராசு 1.4 காட்டினால் அது முலாம்தான். காசுமாலையிலிருந்து கழற்றிய காசுகளில் ஓரத்தில் வளையம் பற்றவைத்த தழும்பு இருக்கும்; அதை, அச்சு உடைந்த இடத்தில் உலோகம் புடைத்து நிற்கும் கட்டி என்று நினைக்க வேண்டாம்.

2004 முதல் வரும் இரட்டை உலோக ஐந்து ராண்டில் நடுவில்லை இல்லாமல் வெறும் வளையமாகக் கிடைத்தால், வளையத்தின் உள்வாயைப் பாருங்கள். நடுவில்லை இல்லாமலே அடிபட்டிருந்தால் உலோகம் உள்நோக்கி வழிந்திருக்கும். வாய் நேராக, சுத்தமாக இருந்தால், யாரோ நடுவில்லையைத் தட்டிக் கழற்றியிருக்கிறார்கள். கரும்பு ரயில் தண்டவாளத்தில் பென்னியை வைத்து நசுக்கிய தலைமுறை மவுண்ட் எட்ஜ்கோம்பில் இன்னும் இருக்கிறது. அந்தப் பென்னிகளும் பேரப்பிள்ளைகள் கைக்கு ‘அகன்ற பிழை’யாக வந்து சேர்கின்றன. உண்மையாகவே வளையத்துக்கு வெளியே அடிபட்டு அகன்ற காசில் உருவம் சிதையாமல் இருக்கும். தண்டவாளக் காசில் முகமே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

யாரிடம் காட்டுவது?

இத்தனையும் தாண்டிய காசு இருந்தால், இரண்டு பக்கமும் ஓரமும் தெரியப் படமெடுத்து, எடை, அளவு எழுதி, நாணயச் சங்கத்தில் பழகியவர் ஒருவரிடம் காட்டுங்கள். வாங்க விரும்புகிறவரிடம் முதலில் காட்டாதீர்கள். மதிப்பு பெரிதாக இருக்கும் என்று இரண்டு பேராவது சொன்னால் மட்டும் என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற தரச்சான்று நிறுவனங்களுக்கு அனுப்பலாம். கட்டணமும் அனுப்பும் செலவும் காசின் விலையைவிட அதிகமாகிவிடுவது சாதாரணம். இணையத்தில் ஒருவர் போடும் விலை, அவர் ஆசைப்படும் விலை. விற்று முடிந்த விலையைப் பாருங்கள். 2008-இல் மண்டேலாவின் தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு வந்த ஐந்து ராண்டைக் கோடி பெறும் என்று நம்பி இன்னும் உண்டியலில் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். லட்சக்கணக்கில் புழக்கத்துக்கு விட்ட காசு அது.

அதுவரை காசைத் தனித் தாள் உறையில் போட்டு, கிடைத்த இடத்தையும் நாளையும் உறைமேல் எழுதிவையுங்கள். எழுதி முடித்த பிறகு காசைப் போடுங்கள், பேனா அழுத்தமும் தடம் விடும். வழவழப்பான மென் பிளாஸ்டிக் பைகள் வேண்டாம், நாளடைவில் பச்சைப் பிசுக்கு கசியும். டர்பன் கடற்காற்றில் செம்பு சீக்கிரம் பச்சை பூக்கும். உறைகளை வைக்கும் டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் இரண்டு போட்டுவையுங்கள். எங்கள் வீட்டில் அவை காலணிப் பெட்டிகளிலிருந்து வந்தவை.